சனிக்கிழமைப் பொட்டலம்

நான் ஓட்டலுக்குள் போய் உட்கார்ந்தது என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. அப்போதும் சாப்பிட்டேன் என்று சொல்ல முடியாது.

கல்யாணமான புதிது. கோயமுத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து குன்னூருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரருக்கு டீ வியாபார ஆபீஸ் ஒன்றில் வேலை. ஏலத்துக்கு வரும் தேயிலையில் சாம்பிள் எடுத்துச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, சீட்டு ஒட்டி அடுக்க வேண்டும். சனிக்கிழமை வாரச் சம்பளம். முதல் சம்பளத்தன்று என்னைக் கீழ் பஜாரில் ஒரு பரோட்டாக் கடைக்குக் கூட்டிப் போனார். உள்ளே முழுக்க ஆண்கள். லாரிக்காரர்களும் மூட்டை தூக்குகிறவர்களும். நான் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டு வந்தது. பரோட்டாவின் ஆவி முகத்தில் அடித்தது. பசிதான். ஆனால் கை எழவில்லை. பக்கத்து மேஜையில் யாரோ எதற்கோ சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் பாதியில் எழுந்து, ரெண்டு தட்டையும் பொட்டலமாகக் கட்டித் தரச் சொன்னார். வீட்டுக்கு ஏறும் வழி முழுக்க நான் பின்னாலேயே நடந்தேன்.

"ஏனுங்க, கோவமுங்களா?"

"எதுக்குக் கோவம்? ஊட்டுல போய்ச் சாப்புடு. அங்க உன்னைய யாரு பாக்கப் போறா? நாந்தான் பாப்பேன்."

அடுத்த சனிக்கிழமை என்னைக் கூப்பிடவில்லை. பொட்டலத்தோடு வந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார். அப்புறம் அது அப்படியே வழக்கமாகிப்போனது, பொழுது விடிவது மாதிரி.

கடையிலிருந்து எங்கள் வீடு வரைக்கும் முக்கால் மணி நேர ஏற்றம். குளிரில் எதுவும் ஆறிப்போகும். அதனால் பொட்டலத்தை ஸ்வெட்டருக்கு உள்ளே நெஞ்சோடு வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு வருவார். மேட்டில் அவர் தலை தெரியும்போதே முன்பக்கம் உப்பியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை துவைக்கும்போது அந்த ஸ்வெட்டரில் சால்னா வாசம் இருக்கும். நான் அதை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் போடுவேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வாரம் முழுக்கப் பொட்டலம் கட்டுகிற மனிதர், இந்தப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது மட்டும் அவசரப்பட மாட்டார். நூலை அறுக்க மாட்டார். முடிச்சைத் தேடி, நகத்தால் தளர்த்தி, நூலை விரலில் சுற்றி எடுத்து வைப்பார். அப்புறம் பேப்பர், அப்புறம் வாழை இலை. வதங்கின இலை வாசத்தோடு ஆளுக்கு மூன்று பரோட்டா. பேசிக்கொள்ள எங்களுக்கு அதிகம் இருந்ததில்லை. நான் இயல்பிலேயே வாய் திறக்காதவள். அந்தப் பொட்டலத்தைச் சுற்றி உட்காரும் நேரம்தான் எங்கள் பேச்சு.

பெண் பிறந்தாள், வளர்ந்தாள், மேட்டுப்பாளையத்தில் கட்டிக்கொடுத்தோம். மறுபடி நாங்கள் இரண்டு பேர். நான் பக்கத்தில் ஒரு சின்னத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு மழைக்காலத்தில் அட்டை கடித்தது. அட்டை கடிக்காமல் இந்த மலையில் யாரும் கொழுந்து எடுத்ததில்லை. உப்புத் துணியால் தொட்டால் விழுந்துவிடும், ரெண்டு நாள் அரிக்கும், மறந்துபோகும். இது வலது காலில், மெட்டி போட்ட விரலுக்கு அடியில் கடித்தது. பத்து நாளாயிற்று, ஆறவில்லை. மஞ்சள் வைத்தேன். ஒரு மாதம் ஆயிற்று. தண்ணீர் கசிந்தது, அப்புறம் வாடை வந்தது. நான் காலுறை போட்டு மறைத்தேன். காலைக் காட்டுவதற்குக்கூட எனக்குக் கூச்சம். கட்டின புருஷனிடமும் அதே கூச்சம்தான்.

கொடியில் காய்ந்த காலுறையில் கறையைப் பார்த்துவிட்டார். அன்றைக்கு ஆபீசுக்கு லீவு போட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

சர்க்கரை என்றார்கள். டாக்டர் என்னிடம் ரெண்டு கேள்வி கேட்டார். நான் தலையை ஆட்டினேன். பிறகு என் வீட்டுக்காரரிடமே சொன்னார். மாத்திரை தருகிறேன், தினமும் கட்டு மாற்ற வேண்டும், சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி மூன்று மாதம் பார்க்கலாம், சர்க்கரை இறங்கினால் புண் ஆறும், இறங்காவிட்டால் அந்த விரலை எடுத்துவிட வேண்டி வரும், அதோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது.

சமவெளியில் இருக்கிறவர்களுக்கு ஒரு விரல் ஒரு விரல்தான். இங்கே தேயிலைச் சரிவில் நிற்பதே விரலால்தான். ஈர மண்ணில் விரலை ஊன்றித்தான் ஒவ்வொரு செடியாக ஏறுகிறோம். எனக்கு முதலில் அதுதான் தோன்றியது. இரண்டாவதாகத்தான் மெட்டி.

கட்டுப் போடும் அறையில் இருந்த சிஸ்டருக்கு என் வயதுதான் இருக்கும். கூடலூர்க்காரி, பேச்சில் மலையாளம் கலந்து வரும். சோப்புத் தண்ணீர் விட்டு, திருகித் திருகி மெட்டியைக் கழற்றினார். வீங்கின விரல். வலித்தது. காகிதத்தில் மடித்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அவர் அதை ஒரு பழைய சாம்பிள் டப்பாவில் போட்டு மூடினார்.

"சோத்தைப் பாதியாக் குறைச்சிடணும். மறக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார் சிஸ்டர்.

குறைத்தேன். பாதி என்ன, கால்வாசியாகக் குறைத்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. வாரம் முழுக்கச் சோற்றைக் குறைத்துவிட்டால் சனிக்கிழமை மூன்று பரோட்டாவைத் தைரியமாகச் சாப்பிடலாம் என்று நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். பொட்டலத்தைப் பற்றி ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆனால் இந்தக் குளிரில் கால் வயிற்றோடு எப்படிக் கொழுந்து எடுப்பது? பசித்தது. வீட்டில் இருந்தது கிழங்கு. என் அண்ணன் சோலூரில் பூமி குத்தகைக்கு எடுத்து உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டிருந்தார். தோண்டும்போதெல்லாம் ஒரு மூட்டை எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். எங்களுக்குக் கிழங்கு என்பது சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது. அதுவும் சோறும் வயிற்றுக்குள் போனால் ஒன்றுதான் என்று யாரும் சொன்னதில்லை. சோறு இருந்த இடத்தில் எல்லாம் கிழங்கை வைத்தேன். பொரியல் செய்தேன், குழம்பில் போட்டேன், அடுப்புத் தணலில் சுட்டு உப்பு தொட்டுத் தின்றேன். சோற்றைத் தொடவில்லையே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை இறங்கவே இல்லை. ஏறியிருந்தது.

"என்ன சாப்பிடறீங்க?" என்று சிஸ்டர் கேட்டார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர், "ஒண்ணுமே சாப்பிடறதில்லீங்க சிஸ்டர். கொஞ்சூண்டு சோறு. குருவி தின்ற மாதிரி" என்றார்.

"நீங்க பேச வேண்டாம். அம்மாவுக்கு எழுதத் தெரியுமா?"

அஞ்சாவது வரைக்கும் என்று அவர் காதில் சொன்னேன். அவர் அதைச் சிஸ்டரிடம் சொன்னார்.

"போதும். ஒரு நோட்டு வாங்கி, வாயில போறதெல்லாம் எழுதுங்க. எனக்குப் பேசிக் காட்ட வேண்டாம். பதினஞ்சு நாள் கழிச்சு நோட்டை மட்டும் கொடுத்தாப் போதும்."

இன்றைக்கு நான் இதை எழுதுகிறேன் என்றால் அந்த அம்மாள்தான் காரணம். பள்ளிக்கூடம் விட்ட பிறகு கையெழுத்துப் போட்டதைத் தவிர நான் எழுதினதே இல்லை. என் வீட்டுக்காரர் நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் வாங்கி வந்தார். 'காலை' என்று எழுதவே எனக்குப் பொழுது பிடித்தது. லைக்குக் கொம்பு எந்தப் பக்கம் என்று யோசித்தேன். ஆனால் இரண்டு நாளில் ஒன்று தெரிந்தது. வாயால் சொல்ல முடியாததைக் கையால் எழுத எனக்குக் கூச்சமில்லை.

ஒன்றைத் தவிர. முதல் சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் எழுதினேன். சாயங்காலம் பொட்டலம் வந்தது, பிரித்தோம், சாப்பிட்டோம். நோட்டை எடுத்தேன், மூடி வைத்துவிட்டேன். எழுதினால் நிறுத்தச் சொல்வார்கள். இரண்டாவது சனிக்கிழமையும் அப்படியே.

நோட்டைச் சிஸ்டர் வாங்கிச் சத்தமாகவே படித்தார். கட்டுப் போட வந்திருந்த நாலைந்து பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

"கிழங்குப் பொரியல். கிழங்குக் கொழம்பு. சுட்ட கிழங்கு மூணு. மறுபடி கிழங்குப் பொரியல். எந்தா அம்மா, நீங்க குடியிருக்கறது ஊட்டுலயா, கிழங்கு மண்டியிலயா?"

"எம் மச்சான் சோலூர்ல போடறாருங்க. மூட்டையா வந்துருது" என்றார் அவர்.

"மச்சானை முட்டைக்கோசு போடச் சொல்லுங்க." அடுத்த பக்கம் புரட்டினார். "நாலு மணிக்கு டீ, நாலு மணிக்கு டீ. வெறும் டீயா?"

நான் சுவரிலேயே கண்ணை வைத்திருந்தேன்.

"வர்க்கி உண்டா?"

நான் விரலைக் காட்டினேன்.

"நாலு வர்க்கி! அதை எழுதலையே?"

பேக்கரியில் வாங்கி டீயில் நனைத்துத் தின்கிற மொறுமொறு வர்க்கியெல்லாம் சாப்பாட்டில் சேருமா என்று அப்போது நிஜமாகவே எனக்குத் தெரியாது. கட்டுப் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சிரித்தார். சிஸ்டர் சிரிக்கவில்லை. நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சனிக்கிழமை சாயங்காலம் விரதமா? ரெண்டு வாரமும் மத்தியானத்தோட நின்னு போச்சு."

என் வீட்டுக்காரர் சிஸ்டர் கையிலிருந்து நோட்டை வாங்கிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"சனிக்கிழமை நான் பரோட்டா வாங்கிட்டு வருவேனுங்க" என்றார் மெதுவாக. "ஆளுக்கு மூணு."

சிஸ்டர் அவரைத் திட்டவில்லை. பஞ்சு வைத்திருந்த டப்பாவின் வட்ட மூடியை எடுத்து மேஜையில் கவிழ்த்தார். அதன்மேல் விரலால் கோடு போட்டார். "இதுதான் உங்க தட்டு. பாதிக்கு பீன்ஸ், கோசு, கீரை, நூக்கல், மேராக்காய். கால்வாசிக்கு பருப்போ முட்டையோ மீனோ. மிச்சம் இந்தக் கால்வாசி ஒரு சின்ன பெஞ்சு. இதுல ஒருத்தர்தான் உக்கார முடியும். சோறு உக்காந்தா கிழங்கு நிக்கணும். கிழங்கு உக்காந்தா சோறு நிக்கணும். பரோட்டா வந்தா ரெண்டு பேரும் எந்திரிச்சு வெளிய போகணும்."

"அப்ப பரோட்டா தின்னலாமுங்களா?" என்று கேட்டது சிரித்த பெரியவர்தான்.

"ஒண்ணு தின்னலாம். எண்ணெய் கம்மியா, கூட முட்டையும் காயும் வெச்சு. வாரத்துக்கு ஒரு நாள்தானே. கிழங்கும் கெட்டதில்ல, எண்ணித் தின்னணும், அவ்வளவுதான். எதையும் நிறுத்தச் சொல்லலை." என்னைப் பார்த்தார். "ஒளிச்சு வெக்கறதை மட்டும் நிறுத்துங்க."

இவ்வளவையும் நான் கேட்டேன். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. அவர் காதில் விழுந்ததெல்லாம் அந்த ரெண்டு வெறும் பக்கம்தான். வழியில் சவுக்கு மரத்துக்குப் பக்கத்தில் நின்று, "என்னாலதான் வந்துச்சா இது?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை. எப்போதும் அப்படித்தான். வேண்டிய நேரத்தில் வார்த்தை வராது.

அந்தச் சனிக்கிழமை மேட்டில் அவர் தலை தெரிந்தது. ஸ்வெட்டர் தட்டையாக இருந்தது.

"கடை லீவு" என்றார்.

அடுத்த சனிக்கிழமையும் கடை லீவு. அதற்கடுத்ததும். நான் சோறு போட்டேன், அவர் சாப்பிட்டார், கை கழுவினார். சாம்பிள் டப்பாவுக்குப் பக்கத்தில் சுற்றி வைத்த நூல்கள் ஒரு குவியலாக இருந்தன. அதில் புதிதாக ஒன்று சேரவில்லை.

தட்டு மட்டும் சிஸ்டர் சொன்னபடி மாறியிருந்தது. எங்கள் வேலியில் மேராக்காய், சௌசௌ என்பார்களே, அந்தக் கொடி ஒன்று கேட்பாரில்லாமல் காய்த்துத் தொங்கும். பக்கத்து வீட்டு மாட்டுக்குத்தான் அதைப் பறித்துப் போடுவேன். இப்போது அதை நறுக்கிப் பாசிப்பருப்போடு வேகவைத்துத் தட்டில் பாதியை நிரப்பினேன். முதல் வாரம் மாட்டுத் தீவனம் தின்கிற மாதிரி இருந்தது. அப்புறம் மிளகும் பூண்டும் தட்டிப் போட்டேன், நன்றாகவே இருந்தது. மாடுதான் பாவம், ஒரு மாதம் வேலியைப் பார்த்துக் கத்தியது. கிழங்கை எண்ணி இரண்டு எடுப்பேன், அன்றைக்குச் சோறு இல்லை. வர்க்கி ஒன்று. புண்ணின் ஓரம் லேசாகச் சிவந்து, உள்பக்கம் சுருங்க ஆரம்பித்தது. கால் தேறுகிறது என்று எனக்கே தெரிந்தது. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருந்தது.

ஒளித்தவள் நான். தலை குனிந்திருந்தது அவர். இதை எப்படியாவது அவருக்குச் சொல்ல வேண்டும் என்று நாலாவது சனிக்கிழமை காலையிலிருந்து வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். ஒரு வார்த்தையும் தேறவில்லை. மத்தியானம் பீன்ஸ் பொரியல் செய்து மூடி வைத்துவிட்டு, கட்டுப் போட்ட காலில் அவருடைய பழைய ஷூவை மாட்டிக்கொண்டு கீழ் பஜாருக்கு இறங்கினேன்.

கடை அதே இடத்தில் அதே மாதிரி இருந்தது. வாசலிலேயே கல். மாஸ்டர் பரோட்டாவை அடுக்கி இரண்டு கையாலும் பக்கத்திலிருந்து அடித்துக்கொண்டிருந்தார். உள்ளே பெஞ்சு நிறைய ஆட்கள். நான் கடையைத் தாண்டிப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடி தாண்டிப் போனேன். பக்கத்துப் பாத்திரக் கடைத் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

"ஏனுங்கக்கா" என்றார் மாஸ்டர், கையை நிறுத்தாமல். "மூணு தடவ போய்ட்டு வந்துட்டீங்க. பஸ்ஸு இங்க நிக்காதுங்க."

உள்ளே ஒருவர், "மாஸ்டர், அக்கா உன்ற பரோட்டாவைப் பாத்துப் பயந்துட்டாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

திரும்பி ஓடிவிட்டால் என்ன என்று தோன்றியது. அந்தக் காலோடு ஓடவும் முடியாது.

"பார்சல்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "பார்சலுங்க. மூணு பரோட்டா. அவருக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணு. அவிச்ச முட்டை ரெண்டு. சால்னா..."

"சால்னா தனியா. வெங்காயம் ஒரு கை அள்ளி. ஒரு பரோட்டா மட்டும் ஓரம் மொறுமொறுன்னு இருக்கோணும்" என்று மாஸ்டர் முடித்தார். கை நின்றுவிட்டது. "அக்கா, நீங்க டீ ஆபீஸ் அண்ணன் ஊட்டுக்காரம்மாங்களா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"இருவது வருசத்துக்கு மேல உங்களுக்குப் பரோட்டா போடறேன். மொகத்த இன்னைக்குத்தான் பாக்கறேன்." உள்ளே திரும்பி, "டேய், சும்மா இருங்கடா. மொறுமொறு ஓரம் இவங்களுக்குத்தான்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு ஓரம் பிடிக்கும் என்று என் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதே இல்லை. என் பங்கில் எப்போதும் மொறுமொறுப்பாக ஒன்று இருக்கும். பரோட்டா என்றால் அப்படித்தான் வரும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

"அண்ணன் வாராவாரம் இங்க நின்னு பாத்துட்டே இருப்பாருங்க. அது போதாது, இன்னுங் கொஞ்சம் கல்லுல கெடக்கட்டும்பாரு. உக்காந்து ஒண்ணு தின்னுட்டுப் போங்கன்னா ஒரு நாள் உக்காந்ததில்ல. இப்ப மூணு வாரமா வர்றாரு, டீ குடிக்கறாரு, பேசாமப் போயிடறாரு. ஏனுங்கண்ணா பார்சல் வேண்டாமான்னேன். ஊட்டுல ஒடம்பு சரியில்ல, நான் மட்டும் எப்பிடித் திங்கறதுங்கறாரு. சரி, சூடா ஒண்ணு, இங்கயே தின்னுங்கன்னேன். பொட்டலம் பிரிக்கறப்ப எதுத்தாப்புல ஆளு வேணும்லன்னாரு."

கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மாஸ்டர் பார்க்கக் கூடாத ஒன்றை என் முகத்தில் பார்த்துவிடுவாரோ என்று இருந்தது. சால்னாக் குண்டாவைத் திறந்தார். மேலே எண்ணெய் சிவப்பாக மிதந்தது.

"எண்ணெய்..." என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. "சர்க்கரைங்களா? எங்கம்மாளுக்கும் அதேதானுங்க." கரண்டியால் எண்ணெயை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து மொண்டார். காய்க் குருமாவில் கிழங்கை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு பீன்சும் கேரட்டுமாக அள்ளினார். எனக்கான ஒன்றைப் புதிதாக, எண்ணெய் தெளிக்காமல் கல்லில் போட்டு, ஓரம் சிவக்கிற வரைக்கும் அமுக்கினார். முன்னால் சிரித்த ஆள் உள்ளேயிருந்து, "அக்காவுக்கு மொதல்ல குடு மாஸ்டர், நாங்க பொறவு தின்னுக்கறோம்" என்றார். அது கேலியில்லை.

பொட்டலத்தை வாங்கி, தூணுக்குப் பின்னால் போய், ஸ்வெட்டருக்குள் வைத்துப் பொத்தான் போட்டேன். அவ்வளவு சூடாக இருக்கும் என்று நினைக்கவில்லை. நெஞ்சு சுட்டது. ஏற்றம் முழுக்க அவர் இந்தச் சூட்டோடுதான் இத்தனை வருடம் வந்தார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் வரும்போது பொட்டலம் அவர் இடத்துக்கு எதிரில் இருந்தது. பக்கத்தில் பீன்ஸ் பொரியலும் இரண்டு தட்டும். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரு வாங்கிட்டு வந்தா?"

"நாந்தானுங்க."

"நீயா?"

"கடை லீவு இல்லீங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் சிரித்தார். தோளெல்லாம் குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்து முடிச்சைத் தேடினார். முடிச்சு பிடிபட நேரமாயிற்று. நான் அவசரப்படுத்தவில்லை.

தட்டில் பாதிக்குப் பொரியலும் குருமாவும் வைத்தேன். முட்டை ஒன்று. பரோட்டா ஒன்று. அவர் தன்னுடையதிலிருந்து சிவந்த ஓரத்தைப் பிய்த்து என் தட்டில் வைத்தார். வைத்துவிட்டு, என் பரோட்டாவின் நடுவிலிருந்து அதே அளவு மெத்தென்ற துண்டை எடுத்துக்கொண்டார்.

"இப்ப சரியாப் போச்சு. சிஸ்டர் கேட்டா ஒண்ணுதான்."

"உங்களால வரலீங்க" என்றேன். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "எழுதினா நிறுத்திப் போடுவாங்கன்னுதான் எழுதலீங்க."

அவர் சாப்பிட்டுக்கொண்டே தலையை ஆட்டினார். கை கழுவிவிட்டு வந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

அந்த மூன்று மாதம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனது ஒரு சனிக்கிழமை. சர்க்கரை இறங்கியிருந்தது. முழுக்க இல்லை, மாத்திரை இன்றுவரைக்கும் இருக்கிறது. புண் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. விரலை எடுக்க வேண்டியதில்லை என்றார் டாக்டர். சிஸ்டர் நோட்டை வாங்கி நேராகச் சனிக்கிழமைப் பக்கத்துக்குப் போய்ச் சத்தமாகப் படித்தார். "பரோட்டா ஒன்று. முட்டை ஒன்று. பீன்ஸ் பொரியல் நிறைய. சோறு இல்லை, கிழங்கு இல்லை, வர்க்கி இல்லை." கட்டுப் போட வந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை. அந்த அம்மாளின் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. கேட்கவும் கூச்சம். பிறகு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார் என்று சொன்னார்கள். இரண்டு காலில் நின்று சமைக்கிறேன், இந்த வயதிலும். அந்த அம்மாள் நினைப்பு வராத நாள் குறைவு.

திரும்பி வரும்போது பரோட்டாக் கடை வாசலில் அவர் நின்றார். சாயங்காலம் ஆகவில்லை, கூட்டமும் இல்லை. மாஸ்டர் எங்களைப் பார்த்துக் கல்லில் மாவை வீசினார்.

"உள்ள உக்காரலாமா? இப்பத்தான் உனக்கு எல்லாரையும் தெரியுமே" என்றார் அவர்.

பெஞ்சைப் பார்த்தேன். அதே பெஞ்சாகக்கூட இருக்கலாம். உட்கார்ந்திருக்க முடியும் என்றுதான் தோன்றியது.

"வேண்டாமுங்க. ஊட்டுக்கே போலாம். அங்க என்னைய யாரு பாக்கப் போறா?" என்றேன். "நீங்கதான் பாப்பீங்க."

அவருக்கு ஞாபகம் இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மாஸ்டரிடம், "ஒண்ணு நல்லா மொறுமொறுன்னு" என்றார். பொட்டலம் வந்ததும் ஸ்வெட்டரின் பொத்தானைக் கழற்றினார்.

வீட்டில் அவர் முடிச்சைத் தளர்த்திக்கொண்டிருக்கும்போது நான் சாம்பிள் டப்பாவைத் திறந்தேன். தேயிலை வாசம் வந்தது. மெட்டி கறுத்திருந்தது. புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினேன்.

"குனிய எனக்கு இடுப்பு வராது புள்ள. நீயே போட்டுக்க. கை வேற எண்ணெய்" என்றார்.

நானே போட்டுக்கொண்டேன். கொஞ்சம் இறுக்கம்தான், ஆனால் ஏறியது. காலை நீட்டிப் பார்த்தேன். அவரும் குனிந்து பார்த்தார், இடுப்பு வராது என்று சொன்னவர்.

"சரி, ஆறுது, வா" என்று இலையை விரித்தார்.